குமரி மாவட்ட ஓடைகளில் மீன் இனங்கள் மாறுவதைக் கணக்கெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"முன்னெல்லாம் இந்த ஓடையில கால வச்சா மீன் மொய்க்கும், இப்ப ஒண்ணுமில்ல." சுருளோடு முதல் தேங்காய்ப்பட்டணம் வரை எந்தக் கரையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பேச்சு பொய்யில்லை. ஆனால் எந்த மீன் குறைந்தது, எது கூடியது, எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. பல ஓடைகளில் மொத்த மீன் குறையாமலே இருக்கலாம். கல்லொட்டி (பாறையில் ஒட்டி வாழும் நாட்டு மீன்) இருந்த இடத்தில் சிலோப்பி (திலேப்பியா என்ற வெளிநாட்டு மீன்) இருக்கும், அவ்வளவுதான். எடை போட்டால் முன்பைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும்.

இதைக் கணக்கெடுக்கும் முறைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் ட்ரௌட் என்ற மீன் வாழும் ஓடைகளில் உருவானவை. தமிழ்நாட்டில் ட்ரௌட் நீலகிரியின் அவலாஞ்சி போன்ற உயர்ந்த, குளிர்ந்த நீரோடு நின்றுவிட்டது. நம் ஓடை வெப்பத்தில் அது பிழைக்காது. முறை மட்டும் இங்கேயும் பொருந்தும், சில மாற்றங்களோடு.

இறங்குவதற்கு முன்

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வரும் ஓடைகளில் (காளிகேசம், உலக்கை அருவியின் மேற்பகுதி போன்றவை) வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வலை போடக் கூடாது. யானை நடமாட்டம் வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் காட்டு எல்லைக்கு வெளியே, ஊரும் தோட்டமும் உள்ள பகுதியை எடுப்பதே நல்லது. மாற்றமும் அங்கேதான் வேகமாக நடக்கிறது. அங்கேயும் ஊராட்சிக்கும் மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வலையோடு நாலு பேர் ஓடையில் நிற்பதைப் பார்த்தால் ஊரார் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு ட்ரௌட் ஆய்வுகளில் மின்கருவி பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அது அளவு கட்டுப்படுத்தப்பட்ட கருவி, பயிற்சி பெற்றவர்கள் கையில் இருப்பது. இங்கே கள்ளத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரம் குஞ்சு குருமான் எல்லாவற்றையும் கொல்லும், பிடிப்பவரையும் கொல்லும்.

காலில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருப்பவர்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. மற்றவர்களும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளுக்குக் கீழே என்றால் அன்றைக்கு உபரிநீர் திறப்பு உண்டா என்று விசாரித்த பிறகே இறங்க வேண்டும்.

எப்போது எடுப்பது

இரண்டு மழைக்காலமும் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. கலங்கல் வெள்ளத்தில் எடுத்த கணக்கு குப்பைக்குத்தான் போகும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து, ஓட்டம் மிச்சமிருக்கும் பிப்ரவரி முதல் பாதிதான் சிறந்த காலம். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் அதை எடுங்கள். இரண்டாவது முறைக்குக் கோடை மழைக்கு முன்பான ஏப்ரல் தொடக்கம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோதையாறு பாசனத்துக்கு ஜூன் தொடக்கத்தில் திறக்கும் தண்ணீர், கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைக்கப்படுவது வழக்கம். கால்வாயை அடைத்ததும் ஓட்டம் குறைகிறது, பரவிக் கிடந்த மீன் எல்லாம் மிச்சமுள்ள கயங்களில் (ஆழமான நீர்ப்பள்ளங்களில்) வந்து ஒதுங்குகிறது. மார்ச்சில் ஒரு வீச்சுக்கு விழும் மீன் பிப்ரவரியில் விழுவதைப்போலப் பல மடங்கு இருக்கும். மீன் பெருகவில்லை, தண்ணீர் சுருங்கிவிட்டது. ஒரு ஆண்டு பிப்ரவரியிலும் அடுத்த ஆண்டு மார்ச்சிலும் எடுத்து ஒப்பிட்டால் "மீன் கூடிவிட்டது" என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள். அதனால் தேதியைவிட முக்கியம், பிப்ரவரிக் கணக்கை ஒவ்வொரு ஆண்டும் கால்வாய் அடைப்பதற்கு முன்பு எடுப்பது. திறப்பு, அடைப்புத் தேதிகளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இடம் தேர்வு

ஒரு ஓடையில் மூன்று துண்டு போதும். மேலே தோட்டப்பகுதியில் ஒன்று, நடுவில் வயலும் வாழையும் உள்ள இடத்தில் ஒன்று, கீழே ஊர்க்கழிவு சேரும் இடத்துக்கு அப்பால் ஒன்று. பழையாறு என்றால் சுருளோட்டுப் பக்கம், தாழக்குடிப் பக்கம், சுசீந்திரத்துக்கு மேல் என்று பிரிக்கலாம். வேளிமலையிலிருந்து இறங்கும் வள்ளியாற்றுக் கிளைகளும் சின்னவை, இறங்கி வேலை செய்ய வசதியானவை. கழிமுகத்துப் பக்கம் போகாதீர்கள். அங்கே கறிமீனும் உளுவையும் உப்பு ஏறி இறங்குவதற்கேற்ப இடம் மாறும், அது தனிக் கணக்கு.

வலை போடும் துண்டின் நீளம் 40 மீட்டர். அதற்குள் வேகமாக ஓடும் கல்பாங்கு ஒன்றும் கயம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். கயத்தில் மட்டும் எடுத்தால் கல்லொட்டி இல்லவே இல்லை என்று தோன்றும், கல்பாங்கில் மட்டும் எடுத்தால் கெளுத்தியும் விராலும் இல்லை என்று தோன்றும். தொடக்கத்தையும் முடிவையும் ஜிபிஎஸ் எண்ணோடு, அசையாத பாறை, பாலத் தூண் போன்ற அடையாளத்தோடு குறியுங்கள். மரத்தை அடையாளம் வைக்காதீர்கள். ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள், தென்னை ஒரு காற்றுக்கு நிற்காது. 2017 ஒக்கி புயலில் எத்தனை ரப்பர் மரம் சாய்ந்தது என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

தேவையான பொருட்கள்

தடுப்பு வலை இரண்டு, ஓடையின் அகலத்தைவிட 2 மீட்டராவது கூடுதல் நீளத்தில், கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். இழுவலை ஒன்று, அதே கண் அளவில். கல்லிடுக்குக்கு இரண்டு கைவலை. மூடியோடு 20 லிட்டர் வாளி நான்கு, மீன்தொட்டிக்குப் போடும் பேட்டரி காற்றுக்குமிழி இரண்டு. அளவுப் பலகைக்கு 4 அங்குல பிவிசி குழாயை நெடுக்கில் பாதியாக அறுத்து, உள்ளே 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டி, ஒரு முனையை அடைத்துக்கொள்ளுங்கள். மீனின் மூக்கு அந்த அடைப்பில் முட்டி நிற்கும், அளவு பிசகாது. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, வெப்பமானி, பிஎச் தாள், 50 மீட்டர் டேப், பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து போய்விடும்.

முதல் ஆண்டு பயன்படுத்திய வலையின் கண் அளவை எழுதிவைத்து, கிழிந்தால் அதே அளவில் வாங்குங்கள். பெரிய கண்ணுக்கு மாறிய ஆண்டில் அயிரையும் குஞ்சுகளும் "காணாமல் போகும்".

படி 1: ஓடையை அளப்பது

வலை நனைவதற்கு முன் இது முடிய வேண்டும், ஆனால் தண்ணீருக்குள் நடக்காமல் கரையிலிருந்தே முடிந்தவரை செய்யுங்கள். 10 மீட்டருக்கு ஒருமுறை அகலம். ஒவ்வோர் அகலக் கோட்டிலும் கால், அரை, முக்கால் தூரத்தில் ஆழம். மூன்று ஆழத்தையும் கூட்டி 3-ஆல் அல்ல, 4-ஆல் வகுக்க வேண்டும். இரு கரையிலும் ஆழம் பூஜ்யம் என்பதால் அப்படிச் செய்தால்தான் சராசரி சரியாக வரும்.

ஓட்டத்துக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் போதும். பாதி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது. நேராக ஓடும் 10 மீட்டரில் மூன்று முறை விட்டு நேரம் பாருங்கள். 25 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.2 மீட்டர் என்றால் 3 × 0.2 × 0.4 = 0.24. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.204 கன மீட்டர், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 204 லிட்டர்.

நீரின் வெப்பத்தைக் காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும், நிழலில் பாருங்கள். அடியில் பாறையா, உருளைக்கல்லா, மணலா, சேறா என்பதைப் பத்துக்கு இத்தனை என்ற கணக்கில் எழுதுங்கள். பிற்பாடு மீன் மாறிய காரணத்தைத் தேடும்போது இந்த ஒரு வரிதான் அதிகம் உதவும்.

படி 2: அடைத்து இழுப்பது

முதலில் கீழ்முனையில் தடுப்பு வலை, பிறகு சத்தமில்லாமல் கரைவழியே போய் மேல்முனையில் மற்றொன்று. வலையின் அடிக்கயிற்றை முழு நீளத்துக்கும் கல்லடுக்கிப் புதைக்க வேண்டும். கணக்கு கெடுவதற்கான முதல் காரணம் அடியில் விடும் இடைவெளிதான். ஆரலுக்கும் விலாங்குக்கும் இரண்டு விரல் சந்து போதும்.

கீழிருந்து மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து வந்தால் கலங்கல் உங்களுக்கு முன்னால் ஓடி எல்லா மீனையும் விரட்டிவிடும். இரண்டு பேர் இழுவலை, இரண்டு பேர் கைவலையோடு கல்லைப் புரட்டிக்கொண்டே. புரட்டிய கல்லைத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள், அடியில் முட்டை ஒட்டியிருக்கலாம். முதல் இழுப்பு முடிந்ததும் அந்த மீன் அனைத்தும் முதல் வாளியில், அடைப்புக்கு வெளியே நிழலில். அரை மணி நேரம் விட்டுத் தண்ணீர் தெளிந்த பிறகு இரண்டாவது இழுப்பு, அதே ஆட்கள், அதே நேர அளவு, இரண்டாவது வாளி. பிறகு மூன்றாவது.

ஏன் மூன்று முறை? ஒரு இழுப்பில் கிடைத்தது ஓடையில் இருந்த மீன் அல்ல, உங்கள் கைக்கு அகப்பட்டது மட்டுமே. இழுப்புக்கு இழுப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து மொத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரு இனத்தில் முதல் இழுப்பில் 60, இரண்டாவதில் 24 என்று வையுங்கள். 60 × 60 = 3600. அதை வித்தியாசமான 36-ஆல் வகுத்தால் 100. துண்டில் அந்த மீன் சுமார் 100 இருந்திருக்கிறது. மூன்றாவது இழுப்பு சரிபார்ப்புக்கு. கிராஃப் தாளில் படுக்கைக் கோட்டில் அதுவரை பிடித்த மொத்தத்தையும் (0, 60, 84) நெட்டுக்கோட்டில் அந்த இழுப்பில் கிடைத்ததையும் (60, 24, 10) புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். கோடு படுக்கைக் கோட்டைத் தொடும் எண் 100-க்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு நம்பத்தக்கது.

இரண்டாவது இழுப்பில் முதலாவதைவிடக் கூடுதலாகவோ சமமாகவோ கிடைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. தடுப்பு வலையில் ஓட்டை, முதல் இழுப்பில் அவசரம், அல்லது மீன் மணலுக்குள் புதைந்திருந்து பிறகு வெளியே வந்திருக்கிறது. அயிரைக்கும் ஆரலுக்கும் கடைசிக் காரணம் அடிக்கடி நடக்கும். அவற்றுக்கு மொத்த மதிப்பீடு போடாமல், மூன்று இழுப்பிலும் கிடைத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் கணக்கு தனித்தனியே. எல்லா மீனையும் ஒன்றாகக் கூட்டிப் போடுவது தவறு, ஏனென்றால் ஒவ்வொன்றும் அகப்படும் விதம் வேறு.

கிடைத்த மதிப்பீட்டைப் பரப்பால் வகுத்து 100 சதுர மீட்டருக்கு இத்தனை என்று எழுதுங்கள். 40 × 3 = 120 சதுர மீட்டரில் 100 மீன் என்றால் 83.

ஆழமான கயத்தில் இழுவலை எட்டாது. அங்கே பிடித்த மீனின் வால்துடுப்பு மேல்நுனியில் துளி வெட்டி விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி பிடிக்கலாம். 40 மீனைக் குறியிட்டு, மறுநாள் பிடித்த 35-இல் 8 குறியோடு இருந்தால்: 41 × 36 ÷ 9 − 1 = 163. குறியிட்ட மீன் நாலைந்துகூடத் திரும்ப அகப்படவில்லை என்றால் எண்ணைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

படி 3: இனம் பிரிப்பது

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான்.

மானத்துக்கண்ணியையும் கப்பியையும் குழப்புவார்கள். மேலிருந்து பாருங்கள்: மானத்துக்கண்ணியின் உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும், கப்பிக்கு அது கிடையாது. கொசு ஒழிப்புக்கு விட்ட கப்பியும் கம்பூசியாவும் ஊரோரச் சாக்கடை வழியாக ஓடைக்கு வந்து சேர்ந்தவை.

வால் பக்கம் ஒற்றைக் கரும்புள்ளி உள்ள கெண்டைக்குக் குஞ்சுப் பருவத்தில் உடலில் கருப்புப் பட்டைகள் இருக்கும். குஞ்சையும் தாயையும் இரண்டு இனமாக எழுதிவிடுவது வழக்கமான பிழை. இந்தக் கூட்டத்தில்தான் 2010-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட, குமரி மாவட்டத்து ஓடை மீனான டாகின்சியா ரோகணியும் வருகிறது. சின்னக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, வால் விரிந்த நிலையில் பக்கவாட்டுப் படம் எடுத்துவிடுங்கள். பெயரை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலையை நேர்மேலிருந்து படம் எடுக்க வேண்டும். மண்டை ஓட்டின் பின்நுனி கூராக இருந்தால் ஆப்பிரிக்கன், மழுங்கி வளைந்திருந்தால் நாட்டு இனம். டேங்க் கிளீனரில் (மீன்தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு மீன்) சந்தேகமே வராது, உடல் முழுவதும் எலும்புத் தகடு.

ஒவ்வோர் இனத்திலும் 30 மீனுக்கு நீளம் அளந்தால் போதும், மிச்சத்தை எண்ணி விடலாம். கையை நனைத்துக்கொண்டே தொடுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வாளித் தண்ணீரைக் கால் மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நாட்டு மீனைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள். சிலோப்பி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர் அகப்பட்டால் திருப்பி விட வேண்டாம். எத்தனை எடுத்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் குறைவுக்கு நீங்களே காரணம் என்பது மறந்துபோகும். பக்கத்துக் குளத்தில் விடுவது மட்டும் கூடவே கூடாது.

படி 4: எல்லைக்கோடு

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் போதாது. ஒரு நல்ல மழை ஆண்டும் ஒரு வறண்ட ஆண்டும் எண்ணிக்கையைத் தலைகீழாக மாற்றும். அதைவிட உறுதியான சான்று, ஓடையின் நீளவாக்கில் ஒவ்வோர் இனமும் எந்த இடம் வரை இருக்கிறது என்பது.

ட்ரௌட் ஓடைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. 1883-இல் ஜெர்மனியிலிருந்து பிரவுன் ட்ரௌட் முட்டைகள் அமெரிக்காவுக்குப் போயின. கிழக்குப் பகுதி ஓடைகளில் அந்த மீன் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொள்ள, அங்கேயே பிறந்த புரூக் ட்ரௌட் குளிர்ந்த தலையோடைகளுக்கு ஒதுங்கியது. வேடிக்கை என்னவென்றால், மேற்கு மலைகளில் அதே புரூக் ட்ரௌட் வந்தேறியாகப் போய் அங்குள்ள கட்த்ரோட் ட்ரௌட்டை விரட்டுகிறது. மீனில் நல்லது கெட்டது கிடையாது, இடம்தான் தீர்மானிக்கிறது.

நம் ஓடையில் இரண்டு புள்ளிகளை ஆண்டுதோறும் குறியுங்கள். ஒன்று, கல்லொட்டி கிடைக்கும் கடைசிக் கீழ்ப்புள்ளி. இரண்டு, சிலோப்பி கிடைக்கும் கடைசி மேல்புள்ளி. 200 மீட்டருக்கு ஓர் இடமாகப் பத்து நிமிடம் கைவலையும் ஒரு பறியும் (மீன் பிடிக்கும் கூடை) வைத்துப் பார்த்தாலே போதும், இழுவலை தேவையில்லை. ஓர் இடத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக "இல்லை" என்று எழுதாதீர்கள். அடுத்தடுத்து மூன்று இடத்தில் கிடைக்காவிட்டால்தான் எல்லை முடிந்தது. இரண்டு புள்ளியும் சேர்ந்து மேல்நோக்கி நகர்ந்தால் ஓடை மாறுகிறது என்று பொருள்.

ஆனால் வந்தேறி கீழிருந்துதான் ஏறும் என்று இங்கே நினைக்கக் கூடாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்த்தேக்கங்களில் வளர்ப்பு மீன் உண்டு, அது மேலிருந்து இறங்கும். பரளியாற்றுத் தண்ணீர் பாண்டியன் கால் என்ற கால்வாய் வழியாகப் பழையாற்றுக்கு வருகிறது, அதனால் ஓர் ஆற்றின் மீன் பக்கவாட்டிலும் அடுத்த ஆற்றுக்குள் நுழையும். கால்வாய் சேரும் ஒவ்வொரு வாயிலையும் வரைபடத்தில் குறித்தால்தான் மீன் எங்கிருந்து வந்தது என்று பிடிபடும்.

காரணம் தேடுவது

கல்லொட்டி குறைந்து சிலோப்பி கூடியிருந்தால் முதலில் புதிய தடுப்பணையைத் தேடுங்கள். ஓடும் நீர் தேங்கினால் கல்லில் வண்டல் படியும். கல்லொட்டி பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பது, வண்டல் மூடினால் அதற்கு இரையில்லை. தேங்கிய நீரின் மணலில் குழி பறித்துச் சிலோப்பி கூடு கட்டும், குஞ்சை வாயில் காக்கும். அணைக்கு மேலும் கீழும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இது உறுதியாகிவிடும்.

எல்லா இனமும் ஒரே நேரத்தில் குறைந்து, ஆரல் மட்டும் மிஞ்சியிருந்தால் நஞ்சு அல்லது மின்சாரம் என்று சந்தேகிக்கலாம். முந்தைய வாரம் யாராவது பிடித்தார்களா என்று கரையில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டாலே தெரியும்.

பிஎச் தாள் மேல்துண்டில் 7, கீழே 5.5 என்று காட்டினால் இடையில் ரப்பர் ஷீட் அடிக்கும் இடம் இருக்கிறதா பாருங்கள். ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் அமிலம் கலந்த கழிவுநீர் ஓடைக்கு வருகிறது. மறுநடவு ரப்பரின் ஊடே அன்னாசி போட்ட சரிவு என்றால் மருந்தும் மண்ணும் சேர்ந்து இறங்கும். கீழ்ப்பகுதியில் தேங்காய்த் தொண்டு (மட்டை) அழுக வைக்கும் இடத்துக்குப் பக்கம் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும், விராலும் பனையேறியும் மட்டும் காற்றைக் குடித்துத் தப்பிக்கும்.

நீள அளவுகளை 1 செ.மீ. கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். ஓர் இனத்தில் பெரியவை மட்டும் இருந்து குஞ்சே இல்லையென்றால் அந்த ஆண்டு இனப்பெருக்கம் தவறியிருக்கிறது. எண்ணிக்கை குறைவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

குறிப்பேடு

ஒரு துண்டுக்கு ஒரு பக்கம். தேதி, கடைசி மழை பெய்த நாள், கால்வாய் நிலை, ஆட்கள் எத்தனை, வலைக்கண், ஒவ்வோர் இழுப்பும் இனவாரியாக. ஐந்து ஆண்டு சேர்வதற்கு முன் "குறைகிறது", "கூடுகிறது" என்று எழுதவேண்டாம். கோவில் கொடைக்கு முந்தின நாள் ஊரே சேர்ந்து பிடித்தது, படித்துறையில் பொரி போட்டு மீன் கூடிக் கிடந்தது போன்றவற்றை ஓரத்தில் குறித்தால் போதும்.

ஏதோ ஓர் ஆண்டு பிப்ரவரியிலும் மழை விடாமல் பெய்து இறங்க முடியாமல் போகும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை மட்டும் எழுதுங்கள். முன்பின் ஆண்டுகளின் சராசரியைப் போட்டு நிரப்பவும் வேண்டாம், மே மாதம் போய் எடுத்து வந்து ஒட்டவும் வேண்டாம்.